கையுறை அலமாரியின் சாவி

வர்தோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரியில்தான் திரும்பும்.
இடைப்பட்ட பொழுதெல்லாம்
மீன் ஆலைக் கூரையின் கீழ் டியூப்லைட் விவகாரம்.
காலை எது மாலை எது என்று
காலெண்டரைத்தான் கேட்க வேண்டும்.
என் காலெண்டரோ மத்தி மீன் டின்,
ஒன்றின் வால்மேல் இன்னொன்றின் தலை.

ஓஸ்லோவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார்.
கவனம் தேவைப்படும் வேலைக்கு நீலம், கூட்டத்துக்கு மஞ்சள்,
'எனக்கான நேரம்' பச்சை.
வண்ணமடிக்கவே ஒரு மதியம் போயிற்று.
மறுநாள் நான்கு மணிக்கு, விடியாத அந்த விடிகாலையில்,
பன்னிரண்டு டன் காட் மீனோடு
இழுவைப் படகொன்று துறையில் வந்து நின்றது.
அது எந்த நிறமென்று அவர் சொல்லவில்லை.

பிறகு நானே ஒரு நோட்டு போட்டேன்.
யார் வந்தாலும், ஏன் வந்தாலும், ஒரு கோடு.
"தூருன், ஒரு நிமிஷம்."
எங்கள் ஆலையில் யாருமே
ஒரு நிமிஷத்துக்கு மேல் கேட்பதில்லை.
ஒன்பது நாளில் இருநூற்றுப் பதினாறு
ஒரு நிமிஷங்கள்.

ஞாயிறு இரவு சமையலறை மேசையில் எண்ணினேன்.
ஐஸ் இயந்திரம், முப்பத்தொன்று.
லாரிக்காரர்கள், இருபத்தெட்டு.
ஓஸ்லோ தொலைபேசி, பத்தொன்பது,
அத்தனையும் நேரம் மிச்சமாகிறதா என்று விசாரிக்க.
கையுறை, நூற்றுப் பதினெட்டு.

கையுறை!
போன வருஷம் நான்கு பெட்டி காணவில்லையென்று
அலமாரிக்குப் பூட்டுப் போட்டு
சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள் நான்தான்.
என் நேரத்தைத் தின்பது யாரென்று
ஊரெல்லாம் தேடினேன்.
பதில் என் சட்டைக்குள்
சில்லென்று தொங்கிக்கொண்டிருந்தது.

திங்களன்று யுர்கிதாவிடம் கொடுத்தேன்.
வெட்டும் வரிசையின் தலைப்பில் நிற்கும் லித்துவேனியாக்காரி,
பார்த்தே கையளவு சொல்பவள்.
சாவியை வாங்கினாள், அலமாரியைத் திறந்தாள்,
சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு
மீனுக்குத் திரும்பினாள்.
அவ்வளவுதான் அவள் படித்த நிர்வாகவியல்.

அன்று என் கதவை யாரும் தட்டவில்லை.
பத்து மணிக்குள் இரண்டு அறிக்கை முடிந்தது.
ரொட்டியை உட்கார்ந்து தின்றேன்.
பழுப்புப் பாலாடைக்கட்டி இத்தனை இனிப்பா?
மறந்தே போயிருந்தது.

வியாழக்கிழமைதான் தெரிந்தது,
எர்லெண்டின் மனைவிக்கு அறுவை சிகிச்சை என்று.
ஆலை முழுக்கத் தெரிந்த செய்தி.
முன்பென்றால் அவனே சொல்லியிருப்பான்,
நான் பத்தாம் அளவைத் துழாவும் நேரத்தில்
வாசலில் நின்றபடி, பாதி திரும்பிக்கொண்டு.
அதை நோட்டில் நான்
எந்தத் தலைப்பில் எழுதியிருப்பேன்?
கையுறை என்றுதான்.

சாவியைத் திரும்பக் கேட்கவில்லை,
அத்தனை அசடில்லை.
பச்சைக் கட்டத்தை மட்டும் அழித்தேன்.
தினமும் ஒன்பதேகாலுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டி
வரிசை நெடுக நடக்கிறேன், வெறுங்கையோடு.
முதல் இரண்டு நாள் எல்லோரும் நடுங்கினார்கள்,
ஆட்குறைப்போ என்று.

இன்று கோட்டையில் பீரங்கி முழங்கியது.
முழுச் சூரியனும் கடலைவிட்டு ஏறிவிட்டதாம்.
பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை.
எனக்குப் பதினொன்றுக்கு பட்ஜெட் கூட்டம், மஞ்சள்,
திரையில் ஆறு முகம்.
"ஒரு நிமிஷம்" என்றேன்,
எழுந்து போனேன்.

சரக்கேற்றும் மேடையில்
எனக்கு முன்னாலேயே எர்லெண்ட் நின்றிருந்தான்,
கையுறை இரண்டையும் கழற்றி அக்குளில் இடுக்கி,
வெளுத்து ஊறிய உள்ளங்கைகளை
வெயிலுக்குக் காட்டியபடி.