அரைக் கணக்கு

காலையில் இடப்பக்கம் நிற்பேன், மதியம் வலப்பக்கம்.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எனக்கு இடமில்லை.
எங்கள் அணியின் இரண்டு லைன்பேக்கர்கள்,
பந்தை எறிபவனைப் பாய்ந்து சாய்ப்பதே வேலையானவர்கள்,
புதனும் வியாழனும் மோதிப் பழக
ஓர் உடம்பு வேண்டும்.
அதற்கு வாரச் சம்பளம்.
மத்தளத்துக்காவது திருவிழா முடிந்தால் உறை உண்டு.

ஈரி ஏரிக் காற்று வந்து
புல்லை ஒரே திசைக்குச் சீவிவிட்டிருக்கும்.
பிங்க்னி எதிரே குனிகிறான்.
என் கண்ணைப் பார்ப்பதில்லை.
காலணிக்குள் கட்டைவிரல் எந்தப் பக்கம் அழுந்துகிறதென்று
எனக்கு முன்பே அவனுக்குத் தெரியும்.
பிறகு இரண்டு உள்ளங்கையும் என் நெஞ்சில்.
நூற்றைம்பது கிலோ ஆள் நான்,
சக்கரம் வைத்த அலமாரிபோல் பின்னால் போவேன்.
குவார்ட்டர்பேக்கின் மடியில் கொண்டுபோய் உட்காரவைப்பான்.
அப்புறம் கை நீட்டித் தூக்குவான்.
"விலா பரவாயில்லையா?"
பரவாயில்லை என்பேன். பொய்.

ஹல்வர்சன் வேறு.
வளைவில் சாயும் மோட்டார் சைக்கிள் பார்த்திருப்பீர்கள்,
முட்டி தார்ச்சாலையை உரசும் கணம்,
அப்படி என் அக்குளுக்குக் கீழே போய்விடுவான்.
நான் பிடித்தது அவன் இருந்த இடத்தை.
திரும்பினால் பந்து தரையில் உருள்கிறது,
அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான்.
என் பெயர் அவனுக்குத் தெரியுமா, தெரியாது.

பிங்க்னி கொடுத்தது உடம்பில் இருக்கும்,
ஊதா, பச்சை, பிறகு மஞ்சள்,
பத்து நாளில் போய்விடும்.
ஹல்வர்சன் கொடுத்தது
இரவு பல் தேய்க்கும்போது வரும்.

லோர்னாவின் மதுக்கடைச் சுவரில் சாக்பீஸ் கணக்கு:
ஹல்வர்சன் பதினாலரை. பிங்க்னி எட்டரை.
அந்த அரை எங்கிருந்து வந்தது என்று
வெல்டர் ஒருவர் கேட்டார்.
பனி கொட்டிய ஆட்டத்தில்
இருவரும் ஒரே கணத்தில் ஒரே ஆளைச் சாய்த்தார்கள்.
கணக்கெழுதுபவர்கள் அவனை நடுவில் நறுக்கி
ஆளுக்குப் பாதி வைத்தார்கள்.
யார் கை முதலில் பட்டது?
பீர் நுரை அடங்கும்வரை சண்டை.
மற்ற பதினாலில் எத்தனை பேர்
பிங்க்னிக்குப் பயந்து ஓடி
ஹல்வர்சன் கையில் விழுந்தார்கள் என்பதற்கு
அந்தச் சுவரில் பத்தி இல்லை.
எனக்குத் தெரியும். கடலை கொறித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில், லிஃப்டில், மேலாளர் க்ரெஸ்வெல்
மாடி எண்களைப் பார்த்தபடி கேட்டார்:
"இரண்டு பேருக்கும் கொடுக்கப் பணமில்லை.
தினமும் அடி வாங்குகிறவன் நீ. யார்?"
யோசிக்க மூன்று மாடி இருந்தது.
தூக்கிவிட்டவன் பெயரைச் சொன்னால்
அது நன்றிக்கடனாகிவிடுமோ என்று பயந்து,
நேர்மையாக இருப்பதாக நினைத்து,
தூக்காதவன் பெயரைச் சொன்னேன்.
அவர் தலையாட்டினாரா, கழுத்தைச் சொடுக்கினாரா,
அதற்குள் கதவு திறந்துவிட்டது.

என் சொல்லுக்கு அங்கே எடையே இல்லை என்பார்கள்.
இருக்கலாம்.
ஏப்ரலில் பிங்க்னியின் பெட்டகத்தில்
ஒற்றைச் சாக்ஸ் கிடந்தது.

ஆகஸ்ட். முதல் பயிற்சி.
ஹல்வர்சன் எதிரே குனிகிறான்.
பந்து அசையும் முன்
அவன் கண் ஒரு தடவை மறுகோடிக்குப் போய் வந்தது.
அங்கே ஒரு புதுப் பையன்
ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டிருந்தான்.

அந்த அரை நொடி போதும்.
இரண்டு வருடத்தில் முதல் முறை
என் கைகளுக்கு நடுவே அவன் நெஞ்சு இருந்தது,
எடையுள்ள, மூச்சு வாங்கும் நெஞ்சு.
கீழே போட்டேன்.
பயிற்சியாளர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

கை நீட்டினேன்.
அவன் அந்தக் கையைப் பார்த்தான்,
யாருடையது என்று யோசிப்பவன்போல.
பிறகு தானே எழுந்து,
முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டாமலே
கோட்டுக்குத் திரும்பினான்.