சைரன் இல்லாத செவ்வாய்

போன வருடம் பதினோரு முறை அழைத்தார் ஆம்ப்ரோஸ்.
எல்லாம் நெஞ்சுவலி.
ஈசிஜியில் ஒருமுறையும் ஒன்றுமில்லை.
எழுபது கிலோமீட்டர் பனியில் அலறிக்கொண்டு போய்
ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வருவோம்.

இப்போது செவ்வாய்தோறும் நானே போகிறேன்,
விளக்குச் சுழலாமல்.
நியூஃபவுண்ட்லாந்தின் ஏதோவொரு கடைசி வளைவில்
தாழிடாத கதவு.

சர்க்கரை பார்த்தேன். கால்விரல் இடுக்குகளைப் பார்த்தேன்.
பிறகு, கேட்காமலே, ஃப்ரிட்ஜைத் திறந்தேன்:
ஒரு கடுகு பாட்டில்,
பாதி எலுமிச்சை.
இன்சுலின் ஜன்னல் விளிம்பில் உறைந்து கிடந்தது.

மாடிப்படி பல்பை மாற்றும்போது
"இதற்குமா உனக்குச் சம்பளம்?" என்றார்.
ஏணியைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை.

படிவம் மட்டும் இன்னும் பழையது.
'நோயாளியைக் கொண்டுசேர்த்த இடம்:'
வண்டியில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்து எழுதினேன்,
சமையலறை மேசை.