எட்டு ஓம்

பிரிக்கும்போது ஆம்ப்ளிஃபையர் அவனுக்குப் போயிற்று,
ஸ்பீக்கர்கள் எனக்கு.
வக்கீல் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.
பதினான்கு மாதம் ஒன்றின் தலையில் செல்போன் சார்ஜர்,
மற்றதன் தலையில் மாத்திரை டப்பா.
முதுகில் எழுதியிருக்கிறது: எட்டு ஓம்.
மந்திரமில்லை, தடையின் அளவு.
எவ்வளவு மறுத்தால் எவ்வளவு பாயும் என்கிற கணக்கு.

பழவந்தாங்கலில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி
ஆட்டோ கேட்ட நூற்றிருபதைத் தராமல்
நடந்தேன் ரிச்சி தெருவுக்கு.
முதல் கடைப் பையன் ரிசீவர் ஒன்றின் மண்டையைத் தட்டினான்.
ஏழு ஸ்பீக்கர் மாட்டலாம் மேடம், தனியா சப்வூஃபர்.
ஏழு மாட்டச் சுவர் இல்லை தம்பி.
இருக்கிற நாலில் ஒன்று ஜன்னல், ஒன்று பீரோ,
ஒன்றுக்கு அந்தப் பக்கம் சவரிமுத்து சார்
பகலெல்லாம் தூங்குகிறார், நைட் ஷிஃப்ட்.
அடுத்த கடை அட்டையில் இரண்டாயிரம் வாட்ஸ் என்றிருந்தது.
தூக்கிப் பார்த்தேன்,
டிபன் பாக்ஸ் கனம்.

தஸ்தகீர் எதையும் காட்டவில்லை. கேட்டார்:
"ரூம் எவ்ளோ பெருசு?"
பத்துக்கு ஒன்பது.
"எங்க உக்காந்து கேப்பீங்க?"
யோசித்தேன்.
அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை.
படுப்பேன், துணி மடிப்பேன்,
சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான்.
கட்டில் ஓரம் என்று சும்மா சொல்லிவைத்தேன்.
"அப்ப ஆறடி. இருபது வாட்ஸே ஜாஸ்தி.
அதுக்கு மேல போனா
பக்கத்து வீட்டுக்கு நீங்க கட்டுற கரண்ட் பில்லு."

பழைய இரண்டு சேனல் ஆம்ப். முகத்தில் ஒரு கீறல்.
பாட்டு எதுவும் போடவில்லை அவர்.
வால்யூமை முழுக்கத் திருகிவிட்டு
ஸ்பீக்கர் வாயில் காதை வைங்க என்றார்.
தெருவில் லோடு ஆட்டோ, டீ கிளாஸ் உருளும் சத்தம்,
கொரியர் பையன் யாரையோ திட்டுகிறான்.
உள்ளே
ரொம்பத் தூரத்தில் யாரோ அரிசி களைவது போல,
அவ்வளவுதான்.
அவனுடையது உறுமும்,
ஒன்றும் ஓடாதபோதுகூட.
எர்த் சரியில்லை என்பான்.
ஏழு வருஷம் எர்த் சரியில்லை.

ஆறாயிரத்து ஐநூறு சொன்னார்; ஐயாயிரத்து எண்ணூறுக்குப் படிந்தது.
மகளிர் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டேன், எட்டுக் கிலோ.
தையல் மிஷினா என்றாள் எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள்.
ஆமாம் என்றேன்.

மொட்டைமாடியிலிருந்து நாலு செங்கல்,
சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு.
குமிழ் ஏழரையில் நின்றது.
சனி எதற்கு என்று எட்டுக்குத் தள்ளினேன்.
பேஸ் ஒரு படி இறங்கும்போதெல்லாம்
பீரோவில் தொங்கிய சாவிக்கொத்து கிணுகிணுத்தது.
கழற்றித் தலையணை மேல் போட்டேன்.
அப்புறம் ஜன்னல் கதவு.
கைக்குக் கிடைத்த தாளை நாலாய் மடித்து இடுக்கில் செருகினேன்.
தீர்ப்பு நகல். ஜெராக்ஸ்தான்,
ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது.

தாம்பரம் வண்டி போனது.
பாட்டு அதற்குள் மூழ்கி
வேறொரு வரியில் தலை தூக்கியது.
குமிழைத் தொடவில்லை.
கட்டில் ஓரத்தில், காலைத் தரையில் ஊன்றி,
ஆறடி இருக்குமா என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டும் ஓசை,
சவரிமுத்து சாரின் ஷூ படியிறங்குகிறது.
கேட் சாத்தும்வரை பொறுத்தேன்.

ஒன்பது.