மூன்றாவது சுவிட்ச்

இருபத்தாறு வயது வண்டி.
என்னைவிட மூன்று வயது இளையது,
என்னைவிடச் சீக்கிரம் சூடாகும்.
கறுப்பு சத்ரியா ஜி.டி.ஐ.
இரண்டு முறை சாத்தினால்தான் கதவு பூட்டும்.
பனியே காணாத நாட்டில்
பின்கண்ணாடியைச் சூடாக்க ஒரு பொத்தான்.

சுங்கை சிப்புட்டில் இதுபோல மூன்று இருந்தன.
ஒன்று பசார் மாலாம் பின்னால்
நின்ற இடத்திலிருந்தே போனது.
இன்னொன்றைச் செம்பனை வரிசைக்குள் கண்டெடுத்தார்கள்.
எஞ்சின் இல்லை, இருக்கைகள் இல்லை,
டாஷ்போர்டில் பிள்ளையார் மட்டும்
முன்னால் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கே சுகுமாறன் பட்டறைக்குப் போனேன்.
ஸ்டியரிங் பூட்டா?
"வளையத்தையே அறுத்துட்டு ஓட்டுவானுங்க, தங்கச்சி."
பெட்ரோல் பம்புக்கு ஒரு சுவிட்ச்,
சாம்பல் கிண்ணத்துக்கு அடியில்.
ஸ்பார்க்குக்கு ஒன்று,
ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால்.
நூற்றெண்பது ரிங்கிட்.
பையன் டார்ச் பிடித்தான்.

மூன்றாவதை நானே வைத்தேன்.
ஈப்போ தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம்
யார் யார் ரேடியோவுக்கோ ஈயம் பற்றவைக்கும் கை.
ஒரு ஞாயிறு, ஒரு முழம் கம்பி.
எங்கே என்று இங்கே எழுதமாட்டேன்.
உங்களை நம்பாமல் இல்லை.

போன வியாழன் மழை.
தாமான் முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்தது.
காலையில் பார்த்தால்
கதவு ஒருமுறை மட்டும் சாத்தப்பட்டிருந்தது.
இருக்கை இரண்டு பல் பின்னால்:
என்னைவிடக் கால் நீளமானவன்.
சாம்பல் கிண்ணம் பக்கத்து இருக்கையில், பத்திரமாக.
ஃபியூஸ் மூடி திறந்து, திரும்ப மூடி.
வேறெங்கும் கை படவில்லை.
தேடவில்லை அவன்.
தெரிந்து வந்திருக்கிறான்.
இரண்டோடு முடிந்தது என்று நம்பி
முடுக்கி முடுக்கி
பேட்டரியைத் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

பாலாயில் கொடுத்த தாளில்
காணாமல் போன பொருளுக்கு ஒரு கட்டம்.
எதை எழுத?
கோடு போட்டுவிட்டு வந்தேன்.

புது பேட்டரியோடு வீட்டுக்கே வந்தார்கள்.
பையனுக்குக் கால் நீளம்.
சுகுமாறனுக்கும் நீளம்தான்.
எதிர்வீட்டு நாய்
இருவரையும் பார்த்துக் குரைத்தது,
அது எல்லாரையும் பார்த்துக் குரைக்கும்.

"இன்னொரு சுவிட்ச் போட்டுடலாமா, தங்கச்சி?
காலம் கெட்டுக் கிடக்கு."

போடுங்க என்றேன்.
உங்களுக்குத் தோணுற இடத்துல.

பையன் டார்ச் பிடித்தான்.
நான் கோப்பி கலக்கிக் கொடுத்தேன்,
சீனி கொஞ்சம் தூக்கலாக.

"எடுத்துப் பாருங்க."

உட்கார்ந்தேன். இருக்கையை
இரண்டு பல் முன்னால் இழுத்தேன்.
அவர்கள் காட்டிய மூன்றையும் தட்டிவிட்டு
என்னுடையதை
அவர்கள் கண்ணெதிரிலேயே அழுத்தினேன்.

இருவரும்
திறந்த பானெட்டுக்குள் குனிந்து
எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.