எட்டு மில்லிநொடி

இந்த ஊருக்கு இரண்டு பெயர்.
பீல் என்பார்கள், பியென் என்பார்கள்.
டிராலி பஸ்ஸின் ஒலிபெருக்கி ஒவ்வொரு நிறுத்தத்தையும்
ஜெர்மனில் சொல்லி, மூச்சு விட்டு, பிரெஞ்சில் சொல்லும்.
அந்த மூச்சின் நீளம் எனக்குத் தெரியும்.
பணிமனையில் அதைப் பழுது பார்ப்பவன் நான்.

கேமராக்களும் அப்படியே வந்து சேர்ந்தன.
ஒன்று சோலோத்தூர்னில்,
விவாகரத்தான பல் மருத்துவரிடம், நாற்பது பிராங்க்.
மற்றது நெஷாத்தெல் ரயில் நிலைய வாசலில்
அவசரத்திலிருந்த மாணவியிடம், முப்பத்தைந்து.
ஒரே மாடல், ஒரே கறுப்பு.
பேட்டரி குறைந்தால் இடது ஜெர்மனில் முனகும்,
வலது பிரெஞ்சில்.
மெனுவை மாற்றலாம். மாற்றவில்லை.

பக்கத்தில் பக்கம் வைத்தால்
வில்லைக்கும் வில்லைக்கும் தொண்ணூற்றேழு மில்லிமீட்டர்.
அது குதிரையின் பார்வை.
வலதைத் தலைகீழாய்க் கவிழ்த்தேன்: அறுபத்தெட்டு.
அந்தத் தைரியத்தில் வெர்னியரை எடுத்துக்கொண்டு
கௌசிகாவின் கருமணிகளை அளக்கப் போனேன்.
"கண்ணைக் குத்திப்போடாதேங்கோ"
வெங்காயம் நறுக்கிய கை என் மணிக்கட்டைத் தள்ளியது.
அறுபத்தொன்று. அல்லது அறுபத்திரண்டு.
சிரித்தாள், கருமணி நகர்ந்துவிட்டது.

இசட் எழுத்தாய் வளைத்த அலுமினியப் பட்டை.
ஒரு திருகு கீழிருந்து மேலே, மற்றது மேலிருந்து கீழே.
துளையிட்டபோது பால்கனியெங்கும் வெள்ளிச் சுருள்.
கீழ்வீட்டு கீகாக்ஸ் அண்ணாந்து பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கேட்டிருப்பார்.

முதல் படம் தலைவலி தந்தது.
ஒரு கண் அரைப் பாகை மேலே பார்த்தால்
மூளை என்ன செய்யும், பாவம்.
பழைய பஸ் சீட்டை நான்காய் மடித்து
வலது கேமராவுக்கும் பட்டைக்கும் இடையில் செருகினேன்.
வலி போயிற்று.

பிறகு நேரம்.

யுஎஸ்பி வயர் இரண்டைப் பிளந்து
ஒரே பொத்தானில் பற்றவைத்தேன்.
ஐந்து வோல்ட் இரண்டுக்கும் ஒன்றாய்த்தான் போகிறது.
கேட்கிற காதுதான் வேறு வேறு.
சைக்கிளைக் கவிழ்த்து, ஒரு கம்பியில் வெள்ளை டேப் ஒட்டி,
நொடிக்கொரு சுற்றாய்ச் சக்கரத்தை விட்டுப் படமெடுத்தேன்.
டேப் மூன்று பாகை விலகி நின்றது. எட்டு மில்லிநொடி.
மறுமுறை இரண்டு. மறுமுறை ஒன்பது. மறுமுறை
பிரெஞ்சுக்காரி முந்தினாள்.
நூற்றுப் பன்னிரண்டு தடவை அமத்தியதில்
காது பழகிவிட்டது:
சரியென்றால் டிக்.
பிழையென்றால் டி-டிக்.

நவம்பரில், நீடாவ் பக்கம், ஏரியின் மரப்பாலத்தில்
கௌசிகா நின்றாள். மூடுபனி. ஊதாக் குளிர்சட்டை.
வலது கேமரா குவியம் தேடித் தடுமாறியது.
டி... டிக்.
"முடிஞ்சுதா?"

இரவு, இரண்டு படத்தையும் அருகருகே வைத்து
சுவருக்கு அப்பால் பார்ப்பதுபோல் கண்ணைத் தளர்த்தினேன்.
இரண்டு மூன்றாயின. நடுவிலிருந்தது மெல்ல எழுந்தது.
பலகைகள் என் மூக்குவரை நீண்டன.
சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தனியே காற்றில்.
பிறகு அவள் முகம்:
இடதில் விழித்திருந்தாள். வலதில் இமைத்திருந்தாள்.
சேர்த்துப் பார்க்கையில் கண்கள் மினுங்கின,
ஈரக் கூழாங்கல்போல், திறந்தும் மூடியும்,
எதிலும் நிலைக்காமல்.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தேன்.
"விடுங்கோ."
தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்தாள்.
அவளுக்கு இந்தப் பார்வை முதல் நாளே வாய்த்தது,
எனக்கு மூன்று வாரம்.
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"நான் கதைக்கேக்க நீங்கள் இப்பிடித்தான் இருப்பியள்.
வாற ஞாயிறு நீங்கள் நில்லுங்கோ. நான் அமத்துறன்."

குவியத்தைக் கையால் பூட்டிக் கொடுத்தேன்.
இப்போது பாலத்தில் நான்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மூக்கு நுனியில் ஒரு துளி.
இமைக்காமல், காதைத் தீட்டிக்கொண்டு,
ஒரேயொரு டிக்குக்காக நிற்கிறேன்.
அவள் விரல் பொத்தானில்.
சிரிக்கிறாள். பட்டை ஆடுகிறது.