வெளிச்சப் பிரச்சினை

மூன்றாவது மாடி, எஸ்கலேட்டர் ஏறியதும் வலது பக்கம்.
பம்பர் கார், கூடைப்பந்து, பொம்மை பிடிக்கும் கொக்கி,
அப்புறம் நான்.
பெயர்ப்பட்டையில் முத்து என்றிருக்கும்.
முத்துப்பேச்சியில் பேச்சிக்கு இடம் பத்தவில்லை.

என் பொறுப்பு ஆறாம் நம்பர் ஆட்டம்.
குச்சி கிடையாது, பட்டன் கிடையாது, நின்றால் போதும்.
திரைக்கு மேலே இருக்கிற கேமரா ஆளைப் பார்த்துக்கொள்ளும்.
நாம் கை வீசினால் உள்ளே ஒரு பொம்மை கை வீசும்.
பார்த்தால்.

வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைத்தான் நிறுத்திப் பார்த்தார்கள்.
'ஆட்டக்காரர் முன்னால் வரவும்' என்றது.
வந்தேன்.
'ஆட்டக்காரர் முன்னால் வரவும்.'
இன்னும் வந்தால் திரைக்குள்ளேதான் சார் போகணும் என்றேன்.
கோயம்புத்தூர் சர்வீஸ்காரர்
தலையைத் தூக்காமல் சொன்னார்:
லைட்டிங் பிராப்ளம்மா.

ஸ்குரூவை எடுக்க அவர் குறுக்கே நடந்தார்.
அதே வெளிச்சம். பச்சை விளக்கு எரிந்தது.

பிறகு நானே ஒரு இடம் கண்டுபிடித்தேன்.
தூணுக்கு இடப்புறம் இரண்டு தப்படி,
பாப்கார்ன் கடையின் வெள்ளை விளக்கு வந்து விழுகிற டைல்.
சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.
சில பேரை மட்டும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன்.
எதைப் பார்த்து என்று ஒருத்தரும் கேட்டதில்லை.
கூட்டம் உள்ள நாளில்
கேமரா சொல்லும்வரை காத்திருக்கவும் மாட்டேன்.
தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும்,
முழங்கையைப் பிடித்து நகர்த்திவிடுவேன்.
ஆமாம், நானும்தான்.

நேற்று ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கபடி முடிந்து
செக்கானூரணிப் பிள்ளைகள் ஏழு பேர் வந்தார்கள்.
மெரூன் பனியன். முழங்காலில் இன்னும் மண்.
சில்லறை சேர்த்து ஒரே ஒரு கார்டு.
'ஒச்சம்மா ஆடட்டும்டி,
இன்னைக்கி அவள ஒருத்தியாலயும் தொட முடியலைல்ல.'

கேமராவாலும் முடியவில்லை.
குதித்தாள். இரண்டு கையையும் விரித்தாள்.
குறி போட்ட இடத்துக்குக் கூட்டிப்போனேன்.
பாப்கார்ன் கடை விளக்கு ஃபியூஸ் போயிருந்தது.
என் போனில் டார்ச்சைப் போட்டு அவள் முகத்தில் அடித்தேன்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்:
'நா என்ன மொசலாக்கா?'

அப்போது பச்சை எரிந்தது. கை தட்டினார்கள்.
அவள் இல்லை.
எதிர்த்த நகைக்கடை வாசலில்
ஆரம் போட்டுச் சிரித்துக்கொண்டு நின்ற அட்டைப் பெண்ணை
ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டிருந்தது.
குறுக்கே ஆட்கள் போக வர
அட்டைக்கு நாற்பது பாயின்ட். ஐம்பது.
'சபாஷ்' என்று எழுத்து வேறு.

ஆறு பேர் சிரித்தார்கள். அப்புறம் நாலு பேர்.
ஒச்சம்மா குனிந்து
தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
டைல்ஸ் இடுக்குதான் நடுக்கோடு.
கபடி கபடி கபடி கபடி
ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போனாள்.
பால் வண்டியும் அப்பாமாரும் ஒதுங்கினார்கள்.
செக்யூரிட்டி அழகுமலை அண்ணன்
விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை.
பக்கவாட்டில் ஒரு பாய்ச்சல்,
அட்டை இடுப்பில் கால் விரலால் ஒரு தட்டு,
மூச்சு விடாமல் திரும்பிக் கோட்டுக்கு.

அட்டை கொஞ்சம் யோசித்துவிட்டு மல்லாந்தது.
'ஆட்டக்காரர் முன்னால் வரவும்' என்றது கேமரா.

நகைக்கடைக்காரர்கள் கத்தியது தனிக்கதை.
அறுபது ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
'எதுக்குக்கா? பாயின்ட்டுதான் எடுத்துட்டேன்ல.'
எஸ்கலேட்டரில் இறங்கும்போதும் ஏழு பேரும் பாடிக்கொண்டே போனார்கள்,
யார் மூச்சு முதலில் விடும் என்று.

கடை மூடும் முன் நோட்டில் எழுத வேண்டும்.
ஆறாம் நம்பர். பழுது என்ன.
மூன்று வருஷமாக அந்தக் கட்டத்தில்
'வெளிச்சம் போதவில்லை' என்று இருக்கிறது,
எல்லாம் என் கையெழுத்து.
நேற்றும் 'வெளிச்' வரை எழுதிவிட்டேன்.

அதற்கு மேல் பேனா போகவில்லை.
தூணுக்கு இடப்புறம் போய்
செருப்பைக் கழற்றிவிட்டு
காலால் தேய்த்தேன்.
சாக்பீஸ் சீக்கிரம் போய்விட்டது.
அவள் முழங்கால் மண் கொஞ்சம்
டைல் ஓரத்தில் ஒட்டியிருந்தது.
கூட்டுகிற அக்கா காலையில்தான் வருவாள்.