கடிதத்தில் நாலாவது வரி

செம்புக் கம்பி நிறுக்கும் கொக்கித் தராசில்
பெட்டியைத் தொங்கவிட்டுக் கண்ணைச் சுருக்கினார்.
இருபத்தாறரை.
"மூணரைக் கிலோ இறக்கணும்" என்றார்,
செக்காலை ரோட்டுக் கடையில்
மோட்டார் இறக்கச் சொல்கிற அதே குரலில்.

பயணத்துக்கு இன்னும் நாலு மாசம்.
விசாவுக்கே எழுதிப் போடவில்லை.
ஆனால் இவருக்கு எதையும் ஒருதரம்
தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கேஸ் ஏஜென்சி காலண்டரின் முதுகில்
பால்பாயிண்ட் பேனாவில் வளர்கிறது திட்டம்.
பல்லவனில் சென்னை, விரல்ரேகை, அன்றைக்கே திரும்பல்.
துபாய் வழியென்றால் டிக்கெட் விலை கூட,
பிராங்க்பர்ட் வழியென்றால்
ஒன்பது மணி நேரம் தேவுடு காக்க வேண்டும்.
மாமாவுக்கு முட்டி மடங்காது, நடைபாதை ஓரம்.
பையனுக்கு ஜன்னல்.
நடு சீட்டு யாருக்கென்று எழுதவேயில்லை.
எழுத வேண்டியதில்லை.

வின்னிபெக்கில் மே மாசமும் குளிருமாம்.
கம்பளிச் சட்டை கேட்டதற்குக் கடைக்காரர்
ஃபேனைக் கூட்டிவிட்டு
"யாருக்கு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தெய்வானை கூப்பிட்டாள்.
"ஆச்சி, சீப்புச் சீடை அரைக் கிலோ போதும்."
அரைக் கிலோ
சாத்தப்பனுக்கு ஒரு மேட்ச் முடியக் காணாதே.
"மணகோலம் வேண்டவே வேண்டாம். ஆரணி தொடமாட்டா."
ஆரணி எந்தக் காலத்தில் தொட்டாள்?

அவள் தலைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்.
முன்பெல்லாம் போனைக் கையில் பிடித்தபடி
அடுப்பில் என்ன, ஜன்னலில் எவ்வளவு பனி,
வாசலில் யார் செருப்பு என்று
வீடு முழுக்க நடந்து காட்டுவாள்.
ஏழு மாசமாக ஒரே சுவர்.
ஆணி அடித்த ஒரு துளை, அதில் எதுவும் மாட்டவில்லை.

"அவர் எங்கே?"
"வேலைக்கு, ஆச்சி."
ஞாயிற்றுக்கிழமை.

அழைப்புக் கடிதம் மெயிலில் வந்தது.
கல்லுக்கட்டி ஜெராக்ஸ் கடையில்
சூடாக வெளியே தள்ளியது இயந்திரம்.
முதல் வரியில் அவள் பெயர்.
பிறந்த தேதி.
வேலை.
நாலாவது வரி:
வீட்டில் வசிப்போர் மொத்தம், இரண்டு.

"எத்தனை காப்பி அக்கா?" என்றான் பையன்.
ரெண்டு என்றேன்.
இல்லை, நாலு.
அவன் என்னைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான்.

அன்றிரவு அவளே கூப்பிட்டாள்.
"கடிதம் வந்துச்சா?"
"வந்துச்சு."
"படிச்சியா?"
"பேரெல்லாம் சரியா இருக்கு."
"எல்லாம் சரியா இருக்கா, ஆச்சி?"
"இருக்கு தெய்வு."
சுவரை அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்,
அங்கே யாரோ நிற்பது போல.

வீட்டுக்காரரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.
காப்பிகளை அடுக்கிப் பின் அடித்தவர் அவர்தான்.
விடிகாலையில் எழுந்து வந்து பார்க்கிறேன்,
பெட்டி திறந்திருக்கிறது.
சாத்தப்பனுக்கென்று எடுத்த வேட்டி வெளியே,
இரண்டு சட்டை வெளியே,
போன வருஷம் அவர் கேட்டிருந்த
இரும்புக் குழிப்பணியாரச் சட்டி
தரையில் வாய் பிளந்து கிடக்கிறது.
தராசு முள் இருபத்து மூன்றுக்கும் கீழே.

வேட்டியை மடித்துப் பீரோவில் வைத்தேன்.
சட்டியை மட்டும் மறுபடி உள்ளே இறக்கினேன்.
பணியாரம் அவளுக்கும் பிடிக்கும்.
யாரும் கேட்டதில்லை.
எடைக்கு என் பட்டுப்புடவை இரண்டும் வெளியே வந்தன.

காலண்டர் தாளோடு அவர் உட்கார்ந்திருந்தார்.
"நாலு பேருக்கும் ஜூன் பதினெட்டு திரும்பல்" என்றார்.
"மூணு பேருக்கு அப்படியே இருக்கட்டும்.
என் தேதியைப் பென்சிலில் எழுதுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு
வீடெல்லாம் தேடினார்.
பையனின் ஜியாமெட்ரி பெட்டியில் ஒன்று கிடைத்தது,
முனை மழுங்கி,
ஆனாலும் எழுதியது.